ஒட்டுநாடாவில் எழுதிய தேதி



சென்ற கோடையில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு முதியவரின் இல்லத்தில் சில நாட்கள் தங்கியிருந்தேன். ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். ஒன்பது ஆண்டுகள் தம் கார் கொட்டகையில் உழைத்து, ஆர்வி-7 என்னும் இருவர் அமரும் விமானத்தைத் தாமே கட்டி முடித்தவர். இவ்வாறு சொந்தக் கையால் விமானம் கட்டுவோர் 1970 முதல் அம்மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் கூடிவருகிறார்கள். அவருக்கு அது ஊர்த் திருவிழா.

ஒருநாள் என்னையும் ஏற்றிச்செல்வதாகச் சொல்லி விமானக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். விமானியின் முன்னே இரண்டு பெரிய வண்ணத்திரைகள். வேகம், உயரம், திசை யாவும் அவற்றில் தெரியும். ஆயினும் ஓரத்தில் பழைய முள்வைத்த இரண்டு வட்டக் கருவிகளும், மேலே ஒரு திசைகாட்டியும், உள்ளங்கையளவு சிறு திரையொன்றும் இருந்தன.

"எல்லாம் திரையிலேயே இருக்கையில் இவை எதற்கு?" என்றேன்.

"ஆல்டர்னேட்டர் நின்றுபோனால் பேட்டரி சிறிது நேரமே தாங்கும், போதகரே. அதன்பின் திரை வெறும் கண்ணாடிதான். வேகமானிக்கு மின்சாரம் வேண்டாம். குழாயில் புகும் காற்றின் அழுத்தமே அதன் முள்ளை நகர்த்தும். உயரமானிக்குள் காற்று நீக்கி மூடிய மெல்லிய உலோகச் சிமிழ் உண்டு. உயரே போகப்போக அது விரியும். திசைகாட்டிக்குப் பூமியின் காந்தமே போதும்."

ஆனால் மேகத்துக்குள் இறக்கை சாய்வதை இம்மூன்றும் நேராகக் காட்டமாட்டா. நம் காதினுள் இருக்கும் சமநிலை உணர்வோ அங்கே நம்மை ஏமாற்றும். 1954இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டுமே பார்த்துப் பறக்கப் பயிலாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். இருபதுபேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகளில். பயின்றவருக்கும் பார்ப்பதற்கு ஒரு கருவி வேண்டுமே! தனக்கென்று பேட்டரி உடைய அந்தச் சிறு திரை அதற்காகத்தான்.

அவர் சொன்ன இன்னொன்று என் மனதில் தைத்தது. மாற்றுக் கருவியும் பெரிய திரையும் ஒரே குழாயிலிருந்து காற்றை வாங்கினால், குழாயில் பனி உறைந்து அடைத்த நாளில் இரண்டும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லுமாம்.

பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். சிறு திரையின் பேட்டரியை ஆண்டுதோறும் குளிர்காலத்தில் சோதிப்பது அவர் வழக்கம், இவ்வாண்டு விட்டுப்போயிருந்தது. உடனே பிரதான மின்சாரத்தை அணைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணி நேரம் தாங்கவேண்டியது. காப்பி அருந்தியபடி காத்திருந்தோம். 38ஆம் நிமிடத்தில் திரை இருண்டது.

நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "போன மாதம் பேரனை ஏற்றிக்கொண்டு மேகத்துக்குள் போனேன்" என்றார்.

பத்துக் கன்னிகைகளைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். பாத்திரம் கொண்டுவந்தவர்களைப் பாராட்டியே பழகிவிட்டேன். பாத்திரத்தைக் கொண்டுவந்தும், உள்ளே எண்ணெய் மீந்திருக்கிறதா என்று திறந்து பாராத ஒருத்தி இருந்திருக்கக்கூடும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அன்று நாங்கள் பறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் வருத்தமும் இல்லை! நான் ஊர் திரும்பியபின் அவரிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. சிறு திரையின் கீழே வெள்ளை ஒட்டுநாடா. அதில் பேனாவால் சோதித்த தேதியும், "4 மணி 11 நிமிடம்" என்பதும் எழுதப்பட்டிருந்தன. அருகில் பேரனின் கையெழுத்து, சாட்சியாக.