அளந்து பார்த்தபின் அறிந்தது



நம் சபையின் பழைய ஜிப்ஸி வண்டியை நீங்கள் அறிவீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அது சலிக்காமல் ஏறும். ஆனால் தார்ச்சாலையிலிருந்து சிற்றூர்களுக்குப் பிரியும் கற்பாதையில் அதன் அடிப்பகுதி பாறைகளில் இடித்துக்கொண்டே இருந்தது. ஆகவே வண்டியை 2 அங்குலம் உயர்த்தினோம். உயர்த்தியதில் தவறில்லை. அதன்பின் ஷாக் அப்சார்பரைத் தெரிந்தெடுத்ததில் நான் செய்த பிழையையே இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பழையவற்றையே விட்டுவைத்தேன். ஒரு பள்ளத்தில் சக்கரம் கீழே தொங்கியபோது, ஷாக் அப்சார்பர் முழுவதும் நீண்டு, மேலும் நீள வழியின்றி, அதன் முனையிலிருந்த ரப்பர் புஷ் கிழிந்தது. உடனே கடைக்குச் சென்று, இருந்தவற்றுள் மிக நீளமானதும் மிகக் கடினமானதும் எதுவோ அதையே கேட்டு வாங்கினேன். கடினமானதே உறுதியானது என்று எண்ணினேன்.

சில வாரங்கள் கழித்து, வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தாயார் ஒருவரை மறுபரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். ஒவ்வொரு கல்லின் அதிர்ச்சியும் அவருடைய தையலில் விழுந்தது. கம்பியைப் பற்றிக்கொண்டு மௌனமாக இருந்தவர், பாதி வழியில், “ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க. தார் ரோடு வரைக்கும் நான் நடந்தே வந்துடறேன்” என்றார். நான் தடுத்தும் கேட்கவில்லை. அவர் முன்னே மெல்ல நடக்க, வெறும் வண்டியை அவர் பின்னே ஓட்டிச் சென்றேன்.

மறுநாள் நாமக்கல்லில் முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் ஒரு பொருளையும் சிபாரிசு செய்யவில்லை, அளவுநாடாவை எடுத்தார். வழக்கமான பாரத்தோடு சமதளத்தில் நிறுத்தி, ஷாக் அப்சார்பரின் மேல் கீழ் பிடிமானங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்தார். பின்பு அச்சு மேலேறி ரப்பர் முட்டைத் தொடும் நிலையிலும், சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையிலும் அளந்தார். தொங்கும் நிலையில் பிரேக் குழாய் இழுபடுகிறதா என்றும் பார்த்தார்.

“வண்டிதாங்க ரெண்டு இஞ்ச் ஏறியிருக்கு. முட்டுற ரப்பர் இருந்த எடத்துலயேதான இருக்கு?” என்றார். என் பிழை அப்போது விளங்கிற்று. விரியும் நீளம் கூட வேண்டும். மடங்கும் நீளமோ முன்போலவே முட்டுக்குள் அடங்க வேண்டும். நான் வாங்கியது மடங்கினாலும் நீளமாகவே இருந்ததால், ரப்பர் தொடுமுன்னே இரும்பு இரும்போடு மோதிற்று. பொருத்தமானது கிடைக்காவிட்டால் ரப்பர் முட்டைச் சற்று கீழிறக்க வேண்டும் என்றார்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். பாரத்தைச் சுமப்பது பட்டை வில். அதன் ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளிருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்குண்டு செல்ல, ஆட்டம் வெப்பமாக மாறுகிறது. ஜிப்ஸியில் முன்னும் பின்னும் பட்டை வில்லே. அதன் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து தாமே ஆட்டத்தை ஓரளவு அடக்குவதால், மிகக் கடினமானது தேவையில்லை. விரிவதைக் கடினமாகத் தடுத்தால், அடுத்த கல் வருமுன் சக்கரம் தரையை மீண்டும் எட்டாது. அதிர்ச்சி முழுவதும் அமர்ந்திருப்பவர்மேல் விழும்.

முடிவில், நடுத்தர அழுத்தமுள்ள, நைட்ரஜன் வாயு அடைத்த இரட்டைக் குழாய் வகையைப் பொருத்தினோம். வாயுவின் அழுத்தம் எண்ணெய் நுரைப்பதைக் குறைக்கும். ஒற்றைக் குழாய் வகை வெப்பத்தை விரைவாக வெளியேற்றும் என்றாலும், கல்லடித்து அதன் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். மெதுவாகச் செல்லும் நம் கற்பாதைக்கு இரட்டைக் குழாயே ஏற்றது.

அடுத்த முறை அந்தத் தாயார் இறங்கி நடக்கவில்லை. வழியில் சற்றுக் கண்ணயர்ந்தார். அதைக் கண்ணாடியில் கண்டபோது, எத்தனை வீடுகளில் என் கடினத்தை உறுதியென்று எண்ணிப் பேசியிருப்பேன் என்ற நினைவு வந்து வருத்திற்று. அப்படி என் சொல்லால் அதிர்ந்தவர் உங்களில் எவரேனும் இருந்தால், தயவாய் என்னிடம் சொல்லுங்கள்.