ஜெராக்ஸ் கடைக்குப் போகும் முன்

ஸ்கார்பரோ, டொராண்டோ

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிள்ளைகளுக்கு ஒரு கதையை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கப் போனாயாம். "காப்பிரைட் கேஸ் வரும், வேண்டாம்மா" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் தடுத்துவிட்டாராம். பெங்களூரு ஹென்னூர் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலுக்கு வக்கீல் நோட்டீஸ் வரும் காட்சியை நினைத்து முதலில் சிரித்துவிட்டேன். ஆனால் பெரிய பதிப்பாளர்கள் நிஜமாகவே ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவின் பயத்துக்கு ஒரு முகாந்திரம் உண்டு.

கடையின் பெயர் ராமேஸ்வரி. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்தது. பேராசிரியர்கள் பாடத்துக்கு வேண்டிய அத்தியாயங்களைப் பல புத்தகங்களிலிருந்து குறித்துக் கொடுப்பார்கள். கடைக்காரர் பிரதி எடுத்து, பைண்டு செய்து, மாணவர்களுக்கு விற்பார். 2012இல் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்களும் சேர்ந்து அவர்மேலும் பல்கலைக்கழகத்தின் மேலும் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் சில விவரங்களை மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள் என்றாலும், சட்டத்துக்குச் சொன்ன பொருள் நிலைத்தது. 2017இல் பதிப்பாளர்களே வழக்கை விட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தச் சட்டம் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவு. கற்பிக்கும் வேலையில் ஓர் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பிரதி எடுத்தால் அது உரிமை மீறல் ஆகாது என்கிறது. இத்தனை பக்கம்தான் என்று அங்கே கணக்கு எதுவும் இல்லை. பாடத்துக்கு அது தேவையா என்பதுதான் கேள்வி. யாரோ எழுதிய புத்தகத்தை அட்டையோடு அச்சடித்து வாசலில் விற்றால் அது வேறு விஷயம். நீ அப்படிப்பட்ட ஆள் இல்லை. அந்தத் தீர்ப்பின் சுருக்கத்தை ஒரு தாளில் எழுதி ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜையில் வை. சட்டம் கொடுத்ததைப் பயம் பிடுங்கிக்கொள்வது நம் பள்ளிகளில் பழைய வழக்கம்.

"அங்கே எல்லாம் டிஜிட்டல்தானே அண்ணா, உங்களுக்கு என்ன கவலை" என்று கேட்டிருந்தாய். இங்கே ஆசிரியர்கள் பிரதி எடுக்கும் உரிமையை 2012 ஜூலையில் கனடா உச்ச நீதிமன்றம்தான் உறுதி செய்தது. அதுவும் காகிதத்துக்கு. மின்னூல் விவகாரம் இதைவிட மோசம். 2011இல் ஹார்ப்பர் காலின்ஸ் பதிப்பகம் நூலகங்களுக்கு ஒரு நிபந்தனை போட்டது: ஒரு மின்னூலை 26 முறை இரவல் கொடுத்ததும் அது காலாவதியாகிவிடும், வேண்டுமானால் மறுபடி காசு கொடுத்து வாங்கிக்கொள். தாளும் தையலும் உள்ள புத்தகமாவது நைந்துதான் சாகும். இது புத்தம் புதிதாக இருக்கும்போதே செத்துவிடும். உங்கள் ஊரில் பள்ளிகளுக்கு விற்கிறார்களே, ஆண்டுச் சந்தாவில் ஓடும் 'ஸ்மார்ட் கிளாஸ்' சமாச்சாரங்கள், அவையும் ஏறக்குறைய இதே ஜாதிதான். மார்ச் மாதம் பணம் கட்டாவிட்டால் ஜூனில் திரை வெறிச்சோடிக் கிடக்கும்.

அதனால் ஒரு தளத்தைப் பார்த்ததும் காசு உண்டா என்று மட்டும் கேட்காதே. இறக்கி வைத்துக்கொள்ளலாமா, அச்சடிக்கலாமா, மாற்றலாமா, நெட் இல்லாமல் படிக்கலாமா, படிக்கிற பிள்ளை யார் என்று யாருக்காவது சொல்லியாக வேண்டுமா என்றும் கேள். காசு வாங்காத பல தளங்கள் இங்கேதான் வாயை மூடிக்கொள்ளும்.

இந்த விஷயத்தில் நீ இருக்கிற ஊர் பாக்கியம் செய்தது. பிரதம் புக்ஸ் பெங்களூருவில் 2004இல் தொடங்கிய அமைப்பு. 2015இல் ஸ்டோரிவீவர் என்ற தளத்தைத் திறந்தார்கள். அதில் உள்ள கதைகள் பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானவை. எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், எளிமையாக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு படிகளாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள்.

மாற்றிக்கொள்ளும் உரிமை உனக்கு எதற்கு? உன் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வீட்டில் தமிழ், ரோட்டில் கன்னடம், டைரியில் ஆங்கிலம். கர்நாடக அரசு தமிழிலும் பாடப்புத்தகம் அச்சிடுகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் சென்னையில் எழுதிய கதையில் வரும் சொல் லிங்கராஜபுரத்துப் பிள்ளைக்குச் சில சமயம் புரிவதில்லை. பெங்களூரில் எழுதிய எல்லாக் கதைகளும் தமிழில் கிடைப்பதில்லை. ஒரே பக்கத்தில் மேலே தமிழ், கீழே கன்னடம் என்று போட்டால் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையும் சேர்ந்து படிக்கும். எந்தப் பதிப்பாளரும் உன் வகுப்பின் நாற்பது பிள்ளைகளுக்காக ஒரு பதிப்புப் போட மாட்டார். நீ போடலாம், யாரிடமும் கேட்காமல்.

பெரிய வகுப்புக்கு, தமிழ் நூல்களை இலவச மின்னூல்களாகத் தரும் மதுரைத் திட்டம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து வளர்த்தது. இந்தியாவில் ஓர் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் அவர் எழுத்து பொதுச் சொத்து. புதுமைப்பித்தன் 1948இல் போனவர். அவர் கதையை வகுப்புக்கு எடுக்க உனக்கு 52ஆம் பிரிவுகூடத் தேவையில்லை. நாட்டுடைமையான நூல்கள் தனிப் பட்டியல். பாரதி அதில் முன்னோடி.

படிக்கிற பிள்ளை யார் என்று சொல்லியாக வேண்டுமா என்ற அந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் வாழ்வின் கடைசி ஆண்டுகளைப் பெங்களூரில்தான் கழித்தார். 1972இல் அங்கேயே மறைந்தார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இல் புத்தகமாக வெளியிட்டவர். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. அதை விளக்கும்போது, ஐரோப்பிய நூலகங்களில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு கட்டி வைத்திருந்ததைச் சொல்கிறார். இன்று புத்தகம் அவிழ்ந்து கிடக்கிறது. சங்கிலி படிப்பவர் காலுக்கு வந்துவிட்டது.

மிகைப்படுத்தவில்லை. மத்திய அரசின் தீக்ஷா 2017இல் வந்தது. பாடப்புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடைக் காட்டினால் திறக்குமே, அதுதான். நல்ல நோக்கம், நிறையப் பாடங்கள். ஆனால் அதன் செயலியால் பிள்ளை இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் கண்டறிய முடியும் என்று 2022இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு எழுதியது. மறு ஆண்டு, 10 லட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், போன் நம்பர், மின்னஞ்சல் பூட்டில்லாத சர்வரில் ஓராண்டுக்கு மேல் கிடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. கிட்டத்தட்ட 6 லட்சம் மாணவர்களின் விவரங்களும் அதில் இருந்தன. ஒரு கணக்குப் பாடம் பார்க்க வந்த பிள்ளைகள்.

உன் நம்பர் போகட்டும், பெரியவள் நீ. பிள்ளைகளின் பெயரையும் பெற்றோர் நம்பரையும் எந்தச் செயலியிலும் நீயாக ஏற்றாதே. வேண்டியதை ஸ்டாஃப் ரூம் கணினியில் இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் தமிழ் விக்கிப்பீடியாவே நெட் இல்லாமல் ஓடும். டேட்டா தீர்ந்த வீட்டுப் பிள்ளைக்கும் அதே பக்கம், ரீசார்ஜ் செய்த வீட்டுப் பிள்ளைக்கும் அதே பக்கம். அவர்கள் எதைப் படித்தார்கள், எதைப் பாதியில் விட்டார்கள் என்பது யாருடைய அறிக்கையிலும் ஏறாது. பாதியில் விடுகிற சுதந்திரம் நமக்கு இருந்ததால்தான் நானும் நீயும் படிக்கிறவர்கள் ஆனோம் என்று நினைக்கிறேன்.

இருமொழிக் கதையை நீ செய்து முடித்தால், கடைசிப் பக்கத்தில் எழுதியவர், வரைந்தவர் பெயரோடு உரிமத்தின் பெயரையும் போடு; அது நிபந்தனை. மொழிபெயர்ப்பு என்ற இடத்தில் உன் பெயரைப் போடக் கூச்சப்படாதே. கன்னடத்தைச் சரிபார்த்துக் கொடுக்கிற மிஸ் பெயரையும் சேர்த்துவிடு. பிடிஎஃப் ஒன்று எனக்கு அனுப்பு. இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கன்னட வரியை எடுத்துவிட்டு ஆங்கிலம் போட்டுக்கொள்வார்கள். அதற்கும் உன்னிடம் அனுமதி கேட்க மாட்டார்கள், தயாராக இரு.

அன்புடன்,
அண்ணன்