குற்றாலத்துக்கு ஆச்சியோடு

சாரல் விழுந்தாச்சு. 2019-ல் தென்காசி மாவட்டத்துக்குப் போனாலும் நெல்லைக்காரர்களுக்குக் குற்றாலம் நம்ம ஊர்தான். ஆச்சி முதல் கைக்குழந்தை வரை 19 பேர் கிளம்புகிறோம்.

போன சீசனில் லாட்ஜில் ஆறு ரூம், மூன்று மாடியில் சிதறிக் கிடந்தோம். முழங்கால் வலியோடு ஆச்சி கட்டிலிலேயே உட்கார்ந்து, ஜன்னல் வழியாக மலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினாள். எனக்கு மனசே ஆறவில்லை.

இந்தத் தடவை ஐந்தருவி ரோட்டில் தனி வீடு. வாசலில் படி கிடையாது, கீழேயே வெஸ்டர்ன் டாய்லெட், பின்னால் அடுப்படி. இட்லிக் கொப்பரை இருக்கிறதா என்று மைனி போனிலேயே கேட்டுவிட்டார்கள். கூடத்தில் பாய் விரித்தால் பிள்ளைகள் எல்லாம் ஆச்சியைச் சுற்றித்தான் படுக்கும். வெள்ளம் வந்து மெயினருவியில் குளிக்கத் தடை போட்டாலும் அன்றைக்குப் பொழுது போகும்.

வயசானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் நேரில் போய்ப் படிகளை எண்ணிப் பாருங்கள்.