வாய்ப்பாட்டை எத்தனை வரை பாடமாக்குவது?

நீண்ட பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள், குறிப்பாகப் பெற்றோர்.

வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கடந்தகால வினாத்தாள் சிப் கோப்பைத் தொடுகிறோம், விரிகிறது. அந்த ஒரு நொடிக்குள் போன் செய்யும் வேலையைத்தான் இந்த மாதம் தரம் 11 பிள்ளைகளோடு சேர்ந்து கடதாசியில் செய்து பார்த்தோம். பாடத்திட்டத்தில் இவ்வளவு ஆழமாக இல்லை. கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லப் போய் இரண்டு பாடவேளை போய்விட்டது.

விடயம் இதுதான். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியீடு, அரிதாக வரும் எழுத்துக்கு நீண்ட குறியீடு கொடுத்தால் கோப்பு சிறுக்கும். இதைச் சிறப்பாகச் செய்யும் வழியை 1951இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்த டேவிட் ஹஃப்மன் கண்டுபிடித்தார். அவருடைய பேராசிரியர் ராபர்ட் ஃபேனோ, ஒன்றில் இறுதிப் பரீட்சை எழுதுங்கள் அல்லது ஒரு கட்டுரை தாருங்கள் என்றாராம். ஹஃப்மன் கட்டுரையை எடுத்தார். பேராசிரியரே முயன்று முழுமையாகத் தீர்க்காத கணக்கு அது. 1952இல் கட்டுரை பிரசுரமானது. சிப் கோப்பு, ஜேபெக் படம் இரண்டுக்குள்ளும் இன்றைக்கும் இருப்பது அந்த முறைதான். (பரீட்சை இல்லாமலும் பிள்ளைகள் சாதிப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. பரீட்சைத் திணைக்களத்தில் இருப்பவர்களும் இதை வாசிக்கிறார்கள்!)

கரும்பலகையில் நான்கே எழுத்துகளை எழுதினேன். அ என்றால் 0. ம என்றால் 10. ர என்றால் 110. ல என்றால் 111. பிறகு 10111110 என்று எழுதி, இது என்ன சொல் என்று கேட்டேன். எங்கே ஓர் எழுத்து முடிகிறது என்பதற்கு இடைவெளியோ காற்புள்ளியோ இல்லை. அதுதான் சிக்கல்.

வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். முதற்குழுவுக்கு ஒரு மரம் வரைந்து கொடுத்தேன். 0 வந்தால் இடப்பக்கக் கிளை, 1 வந்தால் வலப்பக்கக் கிளை, இலையைத் தொட்டதும் எழுத்தை எழுதிவிட்டு மீண்டும் அடியிலிருந்து ஏற வேண்டும். இரண்டாம் குழுவுக்கு மரம் இல்லை, அட்டவணை. எப்போதும் மூன்று பிட்டை எட்டிப் பார்க்க வேண்டும். 000 முதல் 111 வரை எட்டு வரி. ஒவ்வொரு வரியிலும் எழுத்து என்ன, மூன்றில் எத்தனை பிட்டை எடுத்துக்கொள்வது என்று இருக்கும். 101 என்றால் ம, இரண்டை எடு, மிச்ச ஒன்றை அடுத்த தடவைக்கு விடு. முதல் நான்கு வரியிலும் ஒரே பதில்தான்: அ, ஒன்றை எடு. இடம் வீண் என்று ஒரு பிள்ளை முணுமுணுத்தது. சரியான முணுமுணுப்பு.

முதல் போட்டியில் மரக் குழு வென்றது. அவர்கள் 'மலர' என்று சொல்லி முடிக்கும்போது அட்டவணைக் குழு இன்னும் அட்டவணையை எழுதிக்கொண்டிருந்தது. அடுத்து அறுபது பிட் கொண்ட நீண்ட செய்தியைக் கொடுத்தேன். இம்முறை அட்டவணை தயாராக இருந்தது. மரக் குழு பாதி வழியில் நிற்க, இவர்கள் பேனாவை மூடிவிட்டார்கள்.

அப்படியென்றால் போன் ஏன் எப்போதும் பெரிய அட்டவணையையே வைத்துக்கொள்ளக் கூடாது? இங்கேதான் நினைவகம் குறுக்கே வருகிறது. சிப் கோப்பில் பொதுவாகப் பாவிக்கும் முறையில் ஒரு குறியீடு 15 பிட் வரை நீளலாம். 286 குறிகளுக்கு மரம் கட்டினால் 571 கணுக்கள் போதும். ஆனால் 15 பிட்டையும் ஒரே பார்வையில் பார்க்கும் அட்டவணைக்கு 32,768 வரி வேண்டும். வரிக்கு 4 பைட் என்றால் 128 கிலோபைட். இன்றைய போனுக்கு இது என்ன பெரிய காரியம் என்று தோன்றும். ஆனால் புரொசெசருக்கு மிக அருகிலுள்ள பதுக்கு நினைவகம் பல இயந்திரங்களில் 32 கிலோபைட்தான். அதற்குள் அடங்காத அட்டவணையைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் தூரத்து அலுமாரிக்குப் போய்வர வேண்டும். இன்னொன்று, ஒரே கோப்புக்குள்ளேயே பகுதிக்குப் பகுதி குறியீடுகள் மாறலாம். மாறும்போதெல்லாம் 32,768 வரியையும் புதிதாக நிரப்ப வேண்டும். எமது அட்டவணைக் குழு முதல் போட்டியில் தோற்ற அதே காரணம்.

இந்த வேலைக்காக ஜான்-லூப் கெய்லியும் மார்க் அட்லரும் எழுதிய சீலிப் என்ற மென்பொருள் நூலகம் உலகில் எண்ணற்ற கருவிகளில் இருக்கிறது. அவர்கள் எடுத்த வழி நடுவழி. முதலில் 9 பிட்டை மட்டும் பார்ப்பது. அதற்கு 512 வரி. குறியீடு அதற்குள் முடிந்தால் ஒரே பார்வையில் வேலை தீர்ந்தது. முடியாவிட்டால் அந்த வரி, இன்ன சிறிய அட்டவணைக்குப் போ என்று கைகாட்டிவிடும். 10 பிட் குறியீடு பெற்ற எழுத்து ஏறத்தாழ ஆயிரம் எழுத்துக்கு ஒரு தடவை வருவது. அதற்காக இரண்டாவது தடவை பார்ப்பதில் நட்டமில்லை. தூரங்களைக் குறிக்கும் இன்னோர் அட்டவணைக்கு முதற்பார்வை 6 பிட். எவ்வளவு மோசமான கோப்பு வந்தாலும் இரண்டு அட்டவணையும் சேர்த்து 1,444 வரிக்கு மேல் போகாது. அது ஆறு கிலோபைட்டுக்கும் குறைவு.

அதே அட்லர், பஃப் என்று ஒரு சின்ன நிரலையும் எழுதி வைத்திருக்கிறார். அதில் அட்டவணையே இல்லை. எந்த நீளத்தில் எத்தனை குறியீடு என்ற எண்ணிக்கையையும் ஒழுங்குபடுத்திய குறிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிட்டாகக் கணக்கிட்டுப் போகும். மெதுவானது, ஆனால் ஒரு பிழையும் விடாது, மிகச் சிறிய இடத்தில் அடங்கும்.

எனக்கு இந்த பஃப் பிடித்ததற்கு வேறு காரணம் இருக்கிறது.

ஆசிரியர் பற்றாக்குறையால் தரம் 6 கணிதமும் என் தலையில்தான். அங்கே ஒரு பிள்ளை. ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் உடனே பதில் வராது. உதடு அசையும்: "ஐயெட்டு நாற்பது, ஈரெட்டு பதினாறு, ஐம்பத்தாறு." இரண்டு நிமிடத்தில் இருபது கேள்வி கொடுத்தால் பதின்மூன்றைத்தான் தொடுவாள். பதின்மூன்றும் சரியாக இருக்கும். பக்கத்துப் பிள்ளை இருபதையும் முடித்து ஐந்து பிழை விட்டு, கூடப் புள்ளி எடுப்பான்.

போன வாரம் அவளுடைய உம்மா வந்தார். "டீச்சர், என்ட மகள் மக்குப் புள்ளயா? டியூசன்ல பதினாறு வரைக்கும் பாடமாக்கச் சொல்லியிருக்காங்க. இவ ஏழிலயே நிக்கிறா. ராவைக்கு அழுறா."

அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பாடமாக்கத் தேவையில்லை என்று சொல்லும் ஆள் நான் இல்லை. கலாசாலையில் படித்த காலத்தில் விளங்கினால் போதும், மனனம் வேண்டாம் என்று நிறையக் கேட்டோம். வகுப்பறைக்கு வந்து பார்த்தால், ஆறேழு தெரியாத பிள்ளை பின்னக் கணக்கின் நடுவில் திணறி, தான் என்ன செய்யவந்தோம் என்பதையே மறந்துவிடுகிறது. அடிக்கடி வருவது கைக்கருகில் இருக்க வேண்டும். பத்து வரை, கூடினால் பன்னிரண்டு வரை பாடமாக்கட்டும். ஆனால் பதினாறு பதினான்குகள் எத்தனை என்பது ஒரு வருடத்தில் எத்தனை தடவை வரப்போகிறது? அதை அவள் இப்போதே தன் வழியில் உடைத்துக் கண்டுபிடிப்பாள். பதினாறு வரை பாடமாக்கிய பிள்ளைக்கு இருபத்துமூன்று வந்தால் கைகாட்டிவிட அடுத்த அட்டவணை இல்லை.

ஆகவே உம்மாவிடம் கேட்டது இவ்வளவுதான்: பதின்மூன்று முதல் பதினாறு வரை இந்தத் தவணைக்கு நிறுத்துங்கள். ஏழும் எட்டும் மட்டும், ஒரு நாளைக்கு இரண்டு வரி, சோறாக்கும்போது வாயால் சொல்லச் சொல்லுங்கள். நேரம் பிடித்து வைக்கும் சோதனையில் இனிமேல் பிழைக்குப் புள்ளி குறைப்பேன் என்றும் சொன்னேன். வகுப்பிலும் அறிவித்தாகிவிட்டது. வேகமாக முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலருக்கு இதில் வருத்தம் என்று அறிகிறேன். பாடசாலைக்கு வாருங்கள், பேசுவோம்.

தரம் 11 பிள்ளைகள் அடுத்த வாரம் அந்த இரண்டு நிலை அட்டவணையைச் சுவரில் செய்யப் போகிறார்கள். உங்கள் வீடுகளில் போன வருடத்துக் கலண்டர் அட்டைகள் இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் போதும்.