சுண்ணாம்பும் சுடுமண்ணும்

மலையில்லா நாட்டிலே கோயில் எடுப்போன் எதனைக் கொண்டு எடுப்பான்? இவ்வினாவுக்கு வங்காளம் தந்த விடை சுடுமண். கங்கையும் அதன் கிளைகளும் கொணர்ந்து குவித்த வண்டலைக் குழைத்து, அச்சிலிட்டு, செதுக்கி, சூளையிற் சுட்டு, அச்சுடுமண் பலகைகளாலே சுவர் முழுவதையும் போர்த்தனர் அந்நாட்டுக் கலைஞர். மல்ல அரசரின் தலைநகராய் விளங்கிய விட்டுணுபுரத்தில் 1643 ஆம் ஆண்டில் எழுந்த சியாம் ராய் கோயிலும், 1655 ஆம் ஆண்டில் எழுந்த ஜோர் பங்களாக் கோயிலும் இவ்வகையிற் புகழ் பெற்றவை. இரண்டாவது கோயிலின் பெயரே அதன் வடிவைச் சொல்லும். இரண்டு குடிசைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்தாற் போன்றது அது. மூங்கில் வளைத்து வேய்ந்த நாட்டுப்புறக் குடிசையின் வளைந்த கூரையைச் செங்கல்லிலே அவ்வாறே கட்டிவிட்டனர். சுவரிலோ இராமகாதையும் கண்ணன் கதையும் மட்டுமன்றி வேட்டையும் படகும் போர்வீரரும் உளர். விரிவுரை மண்டபத்தில் இக்கோயில்களின் படங்களைக் கண்ட நாள் தொட்டு, எம்முடைய மண் எமக்கு எதனைத் தந்தது என்னும் வினா என்னை விடவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாடும் மலையில்லா நாடே. ஆறும் இல்லை, மாரியில் ஓடிக் கோடையில் வற்றும் வழுக்கியாற்றை ஆறென்பது எம் ஊரவரின் பெருந்தன்மை. வங்காளத்தைப்போல எங்கு தோண்டினும் களிமண் கிடைப்பதில்லை. கிணறு வெட்டும்போது மண்வெட்டி சில அடிகளிலேயே வெள்ளைக்கல்லில் மோதும். கடலோரத்திலோ முருகைக்கல். ஆகவே எம் முன்னோர் கல்லைக் கொத்திச் சதுரித்துச் சுவரும் தூணும் ஆக்கினர்; எஞ்சிய கல்லைச் சூளையிலிட்டு நீற்றிச் சாந்தும் சுதையும் ஆக்கினர். கொத்திய கல்லைப் 'பொழிகல்' என்பது எம்மவர் வழக்கு. கல்லும் அதனைப் பிணைக்கும் சாந்தும் ஒரே பாறையிலிருந்து பிறந்தமையை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பே.

சென்ற விடுமுறையில் நண்பர் இருவருடன் துவிச்சக்கரவண்டியில் இக்கோயில்களைக் காணப் புறப்பட்டேன். பழமையைத் தேடிச் செல்வோனுக்கு இங்கு முதலிற் கிட்டுவது ஏமாற்றமே. 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1621 இல் நல்லூர்ப் பெருங்கோயில் தகர்க்கப்பட்டது. கீரிமலையும் பிறவும் அக்கதியே அடைந்தன. யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து சோழர்காலத் தமிழ்ச் சாசனம் ஒன்று கண்டெடுக்கப்பட்டுப் படிக்கப்பட்டமை வரலாறு பயில்வோர் அறிந்ததே. இன்றைய நல்லூர்க் கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734 இல், தோன்றியது. கல்லும் செங்கல்லும் கொண்ட சுவரின் மேல் அன்று வேய்ந்தது கிடுகுக் கூரையே என்பர். வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயில் வைத்திலிங்கச் செட்டியாரால் 1787 இல் தொடங்கப்பெற்று 1791 இல் நிறைவுற்றது. எனவே விட்டுணுபுரத்துக் கோயில்களோடு நோக்குமிடத்து எமது கட்டடங்கள் வயதில் இளையவை, தலங்களே மூத்தவை.

தலத்தின் முதுமைக்கு நயினாதீவு நல்ல சான்று. குறிகட்டுவானிலிருந்து படகேறிச் சென்று, நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனத்தைக் கண்டோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஊராத்துறைக்கு வந்த பரதேசி வணிகரையும், யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலங்களையும் பற்றி அக்கல் பேசுகின்றது. சிங்கள மன்னன் ஒருவன் தமிழிற் பொறிப்பித்த ஆணை அது. அதனைச் சூழ நிற்கும் வண்ணக் கோபுரமோ என் பாட்டனாரின் காலத்துக்கும் முந்தியதாகத் தோன்றவில்லை.

உண்மையில், நாம் தேடியவை பெருங்கோயில்களில் அன்றி ஊர்க்கோயில்களிலேயே கிடைத்தன. ஒழுங்கைகளின் முடிவில், பனங்கூடல்களின் நடுவில், வைரவருக்கும் பிள்ளையாருக்கும் எடுத்த சிறு மண்டபங்கள். தலைமுறை தலைமுறையாகப் பூசிய வெள்ளையின் தடிப்பால் மூலைகளெல்லாம் மழுங்கிய பொழிகற் றூண்கள். பனைமரச் சலாகை தாங்கிய ஓட்டுக் கூரைகள். நண்பகலில் அவற்றினுள்ளே நுழைந்தால் உடல் குளிர்கின்றது. ஓரிடத்தில் முதிய மேசனார் ஒருவர் தூணைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "தம்பி, இது சுண்ணாம்புச் சாந்து. ஈரத்தைக் குடிச்சு வெளியாலை விடும். இதுக்கு மேலை சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளுக்கை நிண்டு கல்லை அரிச்சுப்போடும்." கட்டடக்கலை நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் மூன்று வாக்கியங்களில் முடித்துவிட்டார்.

சீமெந்து! காங்கேசன்துறையில் 1950 இல் நிறுவப்பட்ட ஆலை, கோயிலுக்குக் கல்லும் சுண்ணாம்பும் தந்த அதே பாறையை அகழ்ந்து சீமெந்தாக்கியது. 1990 இல் ஆலை நின்றுபோயினும் சீமெந்து நிற்கவில்லை, வேறிடங்களிலிருந்து வருகின்றது. போர் முடிந்த 2009 க்குப் பின்னர் திருப்பணிகள் பெருகின. குண்டுவீச்சில் அழிந்து, உயர் பாதுகாப்பு வலயத்துள் கிடந்த கீரிமலை நகுலேசுவரம் மீண்டும் எழுந்து 2012 இல் கும்பாபிடேகம் கண்டது. நல்லூரில் 2011 இலும் 2015 இலும் புதிய இராசகோபுரங்கள் எழுந்தன. இடிந்ததை மீளக் கட்டுவதைக் குறைகூறும் நெஞ்சு எனக்கில்லை. இடம்பெயர்ந்து மீண்ட மக்கள் தம் வீட்டுக்குக் கதவு போடுமுன் கோயிலுக்கு விளக்கேற்றியதைச் சிறுவனாக நான் கண்டிருக்கின்றேன். ஆயினும் இடியாததை இடிப்பதற்கு என்ன பெயரிடுவது?

இவ்வினா எனக்கு ஏட்டளவில் நின்றிருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கும் திருப்பணி வந்தது. கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர் பணம் திரட்டினர், பாலஸ்தாபனம் முடிந்தது, பன்னிரண்டு பொழிகற் றூண்கள் கொண்ட மகாமண்டபத்தை அகற்றிக் கொங்கிறீற்றினால் உயர்த்துவதெனப் பரிபாலன சபை தீர்மானித்தது. சபையில் என் தந்தையாரும் ஒருவர். "ஐயா, இந்தத் தூணுகளுக்கு என்ன குறை?" என்று கேட்டேன். அவர் சினக்கவில்லை. "திருவிழாவுக்குச் சனம் வெளியிலை மழைக்கை நிக்குது. காசு தந்த பிள்ளையளும் நாளைக்கு வந்து பாக்குங்கள். கோயில் சனத்துக்குத்தானே, படம் எடுக்கவோ?" என்றார்.

இச்சொல்லுக்கு விடை காண்பது எளிதன்று. விட்டுணுபுரத்துக் கோயில்கள் பல இன்று தொல்லியற் காவலில் உள்ளன. புல்வெளி சூழ, வேலியிட்டு, அனுமதிச் சீட்டுப் பெற்றுப் பார்க்கும் இடங்கள் அவை. அவற்றுட் பலவற்றிலே மணியோசை இல்லை. சுடுமண் பிழைத்தது, பூசை பிழைக்கவில்லை. எங்கள் ஊரிலோ பூசை ஒருநாளும் தவறியதில்லை. அதனாலேயே ஒவ்வொரு தலைமுறையும் கோயிலைத் தன்னுடையதென்று கருதி, தன் கைக்கு எட்டிய பொருளால் அதனைப் புதுக்குகின்றது. கிடுகை அகற்றிக் கல் வைத்தவனும் தன் காலத்தில் ஒரு பழமையை அழித்தவனே. இதனை ஒப்புக்கொண்ட பின்னரும் என் மனம் தூண்களின் பக்கமே சாய்ந்தது. கிடுகு ஆண்டுக்காண்டு மாற்றத்தக்கது. பொழிகல்லைக் கொத்தும் கைகளோ இன்று ஊரிற் சிலவே. போன தூண் திரும்பி வராது.

ஐயாவிடம் ஒரு மாத அவகாசம் கேட்டேன். சபை இரண்டு வாரம் தந்தது. நாம் மூவரும் அளவுநாடாவும் வரைதாளும் கொண்டு மண்டபத்தை அளந்தோம். தூணின் உயரம் ஆறடி எட்டங்குலம். பன்னிரண்டில் இரண்டு தூண்கள் ஓரங்குலம் குறைவு, அதனை மேலே வைத்த பலகைக்கல்லால் சரிசெய்திருந்தனர். கிழக்குப் பக்கத்துத் தூணொன்றின் அடியில் வெள்ளைப் பூச்சைச் சுரண்டியபோது எழுத்துகள் தெரிந்தன. 'உபயம்' என்னும் சொல் தெளிவாக இருந்தது. பெயரின் முன்பகுதி அரிந்துபோய், 'நாச்சி' என்னும் ஈறு மட்டும் எஞ்சியிருந்தது. கோயில் வரவுசெலவேடுகளில் ஆண்களின் பெயர்களே உள. அத்தூணை வைத்தவள் ஒரு பெண் என்பதை ஊரில் எவரும் அறிந்திருக்கவில்லை. செய்தி பரவிய மாலையில் ஆச்சிமார் பலர் வந்து அவ்வெழுத்தைத் தடவிப் பார்த்தனர்; ஒவ்வொருவரும் தத்தம் குடும்பத்து முன்னோள் ஒருத்தியின் பெயரைக் கூறினர்.

மண்டபம் அகற்றப்பட்டுவிட்டது. பதினொரு தூண்களும் மேற்கு வீதியில் வேம்பின் கீழ் அடுக்கப்பட்டுள்ளன. எமது வரைபடங்களின் படியொன்று கோயில் அலுவலகத்திலும், மற்றொன்று எம் கையிலும் உள்ளன. பன்னிரண்டாவது தூணை, அந்த உபயத் தூணை, புதிய மண்டபத்துள் நிறுத்த வேண்டுமென்று முதலிற் குரல் கொடுத்தவர் என் தந்தையார். வடகீழ் மூலையில் வைக்கலாம் என்பது அவர் கருத்து. அளவு பொருந்தாது என்கின்றார் ஸ்தபதியார். சபை அடுத்த வெள்ளிக்கிழமை கூடுகின்றது.