சம்மாந்துறை ஆலையில் ஒரு பாடம்

கல்முனையிலிருந்து காரைதீவுச் சந்திக்கு வந்து, அம்பாறை வீதியில் மேற்கே திரும்பினால் இருமருங்கும் வயல்வெளி. கல்லோயாத் திட்டத்து நீர் பாயும் பூமி இது. பெரும்போக அறுவடை முடிந்த நாட்களில், சம்மாந்துறையை நெருங்கும்போதே அவித்த நெல்லின் வாசம் மூக்கைத் தொடும். களத்தில் பெண்கள் நெல் காயவைத்துக்கொண்டிருப்பார்கள். அப்பாலுள்ள ஆலையிலிருந்து இயந்திர இரைச்சல் ஓயாது கேட்கும்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வேலை செய்யும் ஆலைக்கு அண்மையில் சென்றிருந்தேன். ஊறவைத்து, நீராவியில் அவித்து, காயவைத்த நெல்லைத் தொட்டியில் கொட்டுகிறார்கள். வாளிகள் கோத்த பட்டி அதை மேலே ஏற்றுகிறது. அங்கிருந்து இரண்டு இறப்பர் உருளைகளுக்கிடையே நெல் விழுகிறது. உருளைகள் எதிரெதிர்த் திசையில், வெவ்வேறு வேகத்தில் சுழல்வதால் உமி உரிந்துவிடுகிறது. நெல்லை இழுக்கும் அதே உருளைதான், அடைப்பை நீக்க நீட்டிய விரலையும் இழுக்கும்.

அங்கே நெடுங்காலமாக இயந்திரம் இயக்கும் பெரியவர் ஒருவர் புதிய பையன்களைப் பழக்குகிறார். "முதல் படிப்பு நிப்பாட்டுறதுதான் மௌலவி. ஓட்டுறது பொறகு" என்றார்.

அவர் கற்பிக்கும் ஒழுங்கு இது. நெல் அடைத்தால் கை போடக் கூடாது. ஆளியை அணைக்க வேண்டும். பிரதான ஆளியைப் பூட்டித் திறப்பைத் தானே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் இன்னொருவர் போட்டுவிடுவார். மின்சாரம் நின்ற பிறகும் கனத்த சில்லு சற்று நேரம் சுழலும். அது தானாக ஓயும்வரை பொறுத்திருக்க வேண்டும். பெல்ட்டை மறைக்கும் கம்பிவலையைக் கழற்றினால், திரும்பப் பூட்டாமல் ஓட்டக் கூடாது. கொதிகலனின் நீர்மட்டத்தைப் பார்க்காமல் அடுப்புக்கு உமி போடக் கூடாது.

இவை அவருடைய சொந்தக் கட்டுப்பாடுகள் மட்டுமல்ல. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் அபாயமான இயந்திரப் பாகங்களுக்குக் காப்பு இருக்க வேண்டும் என்கிறது. இளவயதினரை அபாயமான இயந்திரத்தில் நிறுத்துமுன் ஆபத்தை விளக்க வேண்டும். போதிய பயிற்சியோ அனுபவசாலியின் மேற்பார்வையோ இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் சில இடங்களில் "இரண்டு நாள் பார், மூன்றாம் நாள் ஓட்டு" என்பதே பயிற்சியாக இருக்கிறது.

சகோதரிகளே, நோன்பு காலத்தில் அரிசி அரைக்க மா மில்லுக்குப் போகிறீர்கள். முந்தானையையும் தலைத்துணியின் நுனியையும் செருகிக்கொள்ளுங்கள். ஓடும் பெல்ட்டருகே நிற்காதீர்கள். துணி சிக்கினால் இழுத்து மீட்க அவகாசம் இராது. கூட வரும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்துங்கள்.

மகன் ஆலை வேலைக்குப் போவதாகச் சொன்னால், சம்பளம் எவ்வளவென்று கேட்குமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: யார் பழக்குகிறார்? நிறுத்தும் ஆளி எங்கே இருக்கிறது? பெல்ட்டுக்கு மூடி உண்டா? அவனுக்குத் தெரியாவிட்டால் வாப்பாவை அனுப்பி முதலாளியிடம் கேட்கச் சொல்லுங்கள். மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்த பிறகு, பிஸ்மி சொல்லி அனுப்பிவையுங்கள்.