கீழக்கரைக் கரையில் கண்ணாடி இழைப் படகுகள்

இராமநாதபுரத்திலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 17 கிலோமீட்டர் பயணம் செய்தால், மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்துள்ள கீழக்கரையை அடையலாம். முத்தும் சங்கும் குளித்து, மரக்கலம் செலுத்தி, இலங்கையோடும் அதற்கு அப்பாலுள்ள நாடுகளோடும் வாணிபம் செய்து வளர்ந்த ஊர் இது. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி, மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா ஆகியோரின் பெயர்களோடு இணைத்தே தமிழ் முஸ்லிம்கள் இவ்வூரை நினைவுகூர்வர். கல்லால் எழுப்பப்பட்ட பழைய ஜும்ஆப் பள்ளிவாசலின் தூண்களைக் கண்டு வியப்பதற்காகவே இங்கு வருவோர் பலர். வந்தவர்கள் பள்ளிவாசலில் தொழுது, ஸியாரத்தை முடித்து, உறவினர் வீட்டில் உண்டு திரும்பிவிடுகின்றனர். கடற்கரையில் ஓலைக் கொட்டகைகளின் கீழ் அமைதியாக நடைபெறும் ஒரு தொழில் அவர்கள் கண்ணில் படுவதில்லை. பழுதுபட்ட படகுகளைச் செப்பனிடும் தொழில் அது. அதில் மார்க்கம் கற்றோருக்கும் கற்பிப்போருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

மரம் போய்க் கண்ணாடி வந்தது

மரக்கலங்களை உடையவர் என்பதாலேயே 'மரைக்காயர்' என்னும் பெயர் வந்தது என்பர் சிலர். ஆனால் இன்று அம்மரைக்காயர் ஊரின் கரையில் மரத்தைக் காண்பது அரிதாகி வருகிறது. நீலமும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிசையாக நிற்பவை பெரும்பாலும் 'ஃபைபர்' படகுகளே.

ஃபைபர் என்று நாம் சுருக்கமாகக் கூறுவது உண்மையில் கண்ணாடி. கண்ணாடியை உருக்கி, தலைமயிரினும் மெல்லிய இழைகளாக இழுத்து, அவற்றைப் பாய்போல் படியவைத்தால் 'மேட்' கிடைக்கிறது. துணிபோல் நெய்தால் 'ரோவிங்' கிடைக்கிறது. இவற்றை அச்சின்மேல் அடுக்கடுக்காக விரித்து, 'ரெசின்' என்னும் பிசினை ஊற்றி உருளையால் அழுத்துகின்றனர். பிசினை இறுகச் செய்வது 'கேட்டலிஸ்ட்' என்னும் திரவம். வெளிப்புறத்தில் நாம் காணும் வழவழப்பான வண்ணப் பூச்சு 'ஜெல்கோட்'. இழை வலிமை தருகிறது. பிசின் அதைப் பிணைக்கிறது. மேற்பூச்சு இரண்டையும் காக்கிறது.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. 1980-களில் அத்திட்டத்தினர், அலையடிக்கும் கரையில் நேரடியாக ஏறி இறங்கத்தக்க ஃபைபர் படகுகளை மீனவர்களிடம் சோதித்துப் பார்த்தனர். பின்னர் 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, கட்டுமரங்களையும் வள்ளங்களையும் அள்ளிச் சென்றபோது, நிவாரணமாக வழங்கப்பட்டவற்றில் மிகப்பல ஃபைபர் படகுகளாகவே இருந்தன. கீழக்கரைப் பகுதியை இலங்கைத் தீவு பெருமளவு மறைத்துக் காத்தது. எனினும் புதிய படகின் வழக்கம் தமிழகக் கரை முழுவதும் பரவியது. அவசரத்தில் கட்டப்பட்ட அப்படகுகளுள் தரமானவையும் இருந்தன, தரங்குறைந்தவையும் இருந்தன.

அழுகாது, ஆயினும் நோயுறும்

'மரம் அழுகும், ஃபைபர் அழுகாது' என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றிவிட்டது. முற்பகுதி உண்மை, பிற்பகுதி பாதி உண்மை. மரப்படகு தன் நோயை மறைப்பதில்லை. பலகை இற்றால் கண்ணுக்குத் தெரியும். இணைப்பு விட்டால் நீர் கசியும். ஃபைபர் படகோ வெளியே பளபளத்துக்கொண்டு உள்ளே நலியும் இயல்புடையது.

மணலிலும் கல்லிலும் இழுக்கும்போது அடிப்பக்கத்து மேற்பூச்சு தேய்கிறது. அணியத்தில் நங்கூரம் மோதிக் கீறல் விழுகிறது. மயிரிழை போன்ற அக்கீறல் வழியே கடல்நீர் நுழைந்து, கண்ணாடி இழைகளின் ஊடே ஊர்ந்து, அடுக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கிறது. நீண்டகாலம் நீரிலேயே மிதக்கும் படகில் கொப்புளங்கள் எழுகின்றன. உடைத்தால் காடிபோல் புளித்த நெடி வீசும் நீர் வெளிப்படும். அமரத்தில் இயந்திரத்தைத் தாங்கும் பகுதியின் உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகை வைக்கப்படுகிறது. திருகாணித் துளை வழியே நீர் இறங்கினால் அப்பலகை உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும். ஒருநாள் நடுக்கடலில் இயந்திரம் பலகையோடு பெயர்ந்து விழும்போதுதான் உடையவருக்கு உண்மை தெரியவரும்.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. மீன்வளம் பெருகுவதற்காகக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. அந்நாட்களில் விசைப்படகுகள் கரையேற்றப்பட்டுப் பழுதுபார்க்கப்படுகின்றன. சிறிய ஃபைபர் படகுகளுக்கு அத்தடையும் இல்லை. ஆகவே அக்கட்டாய ஓய்வும் இல்லை. அவற்றைக் கரையேற்றுவதும் ஏற்றாமல் விடுவதும் உடையவரின் மனச்சான்றைப் பொறுத்தவை.

நாணயத்தின் ஓசை

2025 ஏப்ரல் மாதம், ஷவ்வால் பிறை பாதியைக் கடந்திருந்த வேளையில், மதரஸா விடுமுறையில் கீழக்கரை சென்றிருந்தேன். உறவினர் ஒருவருக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு உண்டு. பெருநாளுக்கு வந்திருந்த பிள்ளைகளை அதில் ஏற்றிக் கடலைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆவல். அணியத்தின் அடியில் ஒரு சாண் நீளத்திற்கு மெல்லிய கீறல் இருந்தது. பட்டியைப் பூசி வண்ணம் அடித்துவிட்டால் மறுநாளே புறப்படலாம் என்று கருதிய அவர், கொட்டகையில் வேலை செய்யும் முதியவரை அழைத்துவந்தார்.

முதியவர் படகைச் சுற்றி வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துக் கீறலைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே போனார். சில இடங்களில் 'டிக் டிக்' என்று கூர்மையான ஓசை எழுந்தது. கீறலை ஒட்டி ஒரு முழ அகலத்திற்கு 'தப் தப்' என்று மந்தமாகக் கேட்டது.

"ஆலிம்சா, கேட்டீங்களா? உள்ளே அடுக்கு விட்டுப்போச்சு" என்றார்.

"காக்கா, இப்போதைக்கு மேலே பூசிக் கொடுங்கள். பெருநாள் கூட்டம் கலைந்ததும் முழுசாப் பார்த்துக்கலாம்" என்றார் உறவினர்.

"பெயிண்ட் அடிச்சா நம்ம கண்ணுக்கு மறையும் தம்பி. தண்ணி கண்ணுக்கு மறையுமா?"

உறவினர் தயங்கி நின்றார். அருகிலிருந்த அவருடைய உம்மாதான் வழக்கை முடித்துவைத்தார்: "பெருநாள் அடுத்த வருஷமும் வரும் வாப்பா. பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அவசரப்படாதே."

படகு கவிழ்த்துப் போடப்பட்டது. நல்ல நீரால் உப்பைக் கழுவி மூன்று நாள் வெயிலில் உலர்த்தினர். பின்னர் முதியவர் முகத்தை மூடிக்கொண்டு, அரைக்கும் இயந்திரத்தால் கீறலைச் சுற்றித் தேய்க்கத் தொடங்கினார். மேற்பூச்சு நீங்கியதும் பால்போல் வெளுத்து, பிரிந்து கிடந்த இழைகள் வெளிப்பட்டன. அவற்றைக் கண்ட உறவினர் எதுவும் பேசவில்லை.

செப்பனிடும் முறை

பழுதான பகுதியை முழுமையாக நீக்குவதே முதற்பணி. குழியின் விளிம்பைச் செங்குத்தாக விடாமல், தட்டுபோல் சரிவாக்குகின்றனர். படகின் கனத்தைப்போல் 12 மடங்கு நீளத்திற்கு அச்சரிவு இருப்பது நன்று. அதாவது 6 மில்லிமீட்டர் கனமுள்ள படகில், குழியைச் சுற்றி ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் சரிவு வேண்டும். பழைய பிசின்மேல் புதிய பிசின் ஒட்டிக்கொள்கிறதே தவிர, முன்போல் ஒரே பொருளாக உருகிக் கலந்துவிடுவதில்லை. ஒட்டும் பரப்பு அகன்றால்தான் பிடிப்பு உறுதிப்படும்.

அசிட்டோனால் துடைத்துத் தூசியும் எண்ணெயும் போக்கியபின், அளவாக வெட்டிய மேட்டுகளைப் பிசினில் தோய்த்து அடுக்குகின்றனர். ஒவ்வோர் அடுக்கிலும் காற்றுக்குமிழ் இல்லாதவாறு உருளையால் அழுத்துகின்றனர். தங்கிய ஒவ்வொரு குமிழும் நாளை நீர் குடியேறும் அறை. பிசினில் கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குதான். மிகுந்தால் சூடேறி வெடிப்பு விழும். குறைந்தால் இறுகாமல் பிசுபிசுக்கும். ஏப்ரல் வெயிலில் கலவை சில நிமிடங்களிலேயே இறுகிவிடுவதால் சிறிது சிறிதாகவே கலக்கின்றனர்.

வீட்டிலேயே செய்துபார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிசினில் சேர்க்கும் 'ஆக்ஸிலரேட்டர்' என்னும் திரவத்தையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கலாகாது. தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே பறிபோகலாம். அரைக்கும்போது எழும் கண்ணாடித் துகள் தோலை அரிக்கும், நெஞ்சுக்குள் செல்லலாகாது. கண்ணாடியும் கையுறையும் முகமூடியும் இன்றி இவ்வேலையைத் தொடவே கூடாது.

வெள்ளிக்கிழமை ஓதும் படகு

வேலை முடிந்த நாள் வியாழன். மறுநாள் ஜும்ஆ. வெள்ளிக்கிழமைகளில் நாம் ஓதும் கஹ்ஃப் அத்தியாயத்தில் ஒரு படகு வருகிறது. கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் படகு அது. கிள்ரு (அலை) அவர்கள் அதைப் பழுதாக்கியபோது மூஸா (அலை) அவர்கள் திகைத்துப்போனார்கள். நல்ல படகுகளையெல்லாம் அபகரிக்கும் அரசன் ஒருவன் இருந்தான் என்பதும், அவனிடமிருந்து காப்பதற்கே அப்பழுது என்பதும் பின்னரே விளக்கப்படுகின்றன.

அரசன் சென்றபின் அப்படகை ஏழைகள் எவ்வாறு சரிசெய்தனர்? ஸஹீஹுல் புகாரியில் இவ்வரலாறு வரும் ஓர் அறிவிப்பில், அவர்கள் அதைச் செப்பனிட்டுப் பயன்படுத்தியதாகக் கூறப்பட்டு, குப்பியால் அடைத்தனர் என்று சிலரும், கீலால் அடைத்தனர் என்று சிலரும் சொல்வதாகக் குறிப்பு உள்ளது. குப்பி என்பது கண்ணாடி. கீல் என்பது பிசின் போன்ற பொருள். பாடம் நடத்தும்போது பலமுறை கடந்துசென்ற அவ்விடம், கண்ணாடி இழையும் பிசினும் படிந்த முதியவரின் கைகளைக் கண்டபோது வேறுவிதமாக ஒளிர்ந்தது. இதை ஓர் அறிவியல் முன்னறிவிப்பு என்று நான் கூறவரவில்லை. அத்தகைய வலிந்த பொருள் மார்க்கத்திற்குத் தேவையுமில்லை. படகின் பழுது நீக்கப்பட்டது, அதன்பின்னரே அது பயன்பட்டது என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. ஏழையின் படகு அவனுடைய வாழ்வாதாரம். அதில் ஏறுவோரின் உயிரோ படகோட்டியிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பழுதை மறைத்து விற்பது மோசடி என்று வாணிபச் சட்டத்தில் கற்பிக்கிறோம். பழுதை மறைத்து ஓட்டுவது அதனினும் கொடியதன்றோ?

கடலின்மேல் ஒரு மாலை

சனிக்கிழமை அஸருக்குப்பின் புறப்பட்டோம். கச்சான் காற்று வலுப்பதற்கு முந்திய காலமாதலால் கடல் கண்ணாடித் தகடுபோல் கிடந்தது. பிள்ளைகள் உள்ளிட்ட அனைவரும் உயிர்காப்பு அங்கி அணிந்த பின்னரே முதியவர் படகைத் தள்ளவிட்டார். தாமும் உடன் ஏறினார். தம் வேலையில் அவருக்கிருந்த நம்பிக்கைக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கரையை விட்டு அகன்றதும் நீர் பச்சையாகி, பின் நீலமாயிற்று. ஆழங்குறைந்த இடத்தில் கடற்புல் அசைவது மேலிருந்தே தெரிந்தது. கடல்பசு மேய்வது இத்தகைய புல்வெளிகளில்தான். இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை வரிசையாக அமைந்த 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளையும் காப்பதற்காக 1986-இல் அரசு இப்பகுதியைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அவற்றுள் ஏழு, கீழக்கரைத் தொகுதியைச் சேர்ந்தவை; அவ்வேழில் ஒன்றான பூவரசன்பட்டி கடலுள் மூழ்கிவிட்டது. அனுமதியின்றித் தீவுகளில் இறங்கக் கூடாது. நாங்களும் அப்பக்கம் செல்லவில்லை. தொலைவில் நின்று அல்லாஹ்வின் படைப்பை வியப்பதற்கு அனுமதிச்சீட்டு எதற்கு?

படகு சிறிது தூரம் சென்றதும் முதியவர் குனிந்து அணியத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தார். "காய்ஞ்சிருக்கு, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிள்ளைகள் நீரைக் கையால் அளைந்து சிரித்துக்கொண்டிருந்தனர். ஊரின் மினாராக்கள் சிறுத்துத் தெரிந்தன. மஃக்ரிபுக்குமுன் கரையேறிவிட்டோம்.

உடையவர்களுக்குச் சில சொற்கள்

படகு வைத்திருப்போர் ஒவ்வொரு நாளும் நல்ல நீரால் கழுவுதலும், வெயிலில் கிடக்கும்போது ஓலையாலோ படுதாவாலோ மூடுதலும் பெரிய செலவன்று. மாதம் ஒருமுறை கவிழ்த்து, நாணயத்தால் தட்டிப் பார்க்கலாம். திருகாணித் துளைகளில் நீர் புகாதவாறு அடைக்கலாம். சிறு கீறலைச் சிறிதாக இருக்கும்போதே சரிசெய்தால், படகு பல்லாண்டு உழைக்கும். கைவிடப்பட்ட ஃபைபர் படகு மக்காது. நொறுங்கித் துகளாகிக் கடலிலும் மணலிலும் கலந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு படகைச் செப்பனிடுவது அந்தக் கடலுக்கும் செய்யும் நன்மையாகும்.

வெளியே மின்னுவதெல்லாம் உள்ளே உறுதியானவை அல்ல. படகுக்குப் பொருந்தும் இவ்வுண்மை நம் உள்ளங்களுக்கும் பொருந்தும். கடலில் உழைக்கும் நம் சகோதரர்களின் படகுகளையும், அவர்களை நம்பிக் கரையில் காத்திருக்கும் குடும்பங்களையும் வல்ல அல்லாஹ் பாதுகாத்தருள்வானாக! ஆமீன்.